நான்கு நோயாளிகள், ஒரே இடது கால்

எழுபத்தொன்பதாம் வருஷம், அபின் பழக்கம் நாட்டை அரிக்கிறது என்று கொழும்பில் ஒரு கூட்டம் கவலைப்பட்டது. நியாயமான கவலை. காலையிலிருந்து மாலை வரை கவலைப்பட்டார்கள். மத்தியானம் புரியாணி.

அந்த வருஷம் கொழும்பில் இரண்டு நாகரிகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, முழங்காலுக்குக் கீழே கோயில் மணி மாதிரி விரிகிற கால்சட்டை. மற்றது, ஒருங்கிணைப்பு. எந்த வியாதிக்கும் ஒருங்கிணைப்புத்தான் மருந்து. அரசாங்கக் கந்தோர் ஒவ்வொன்றும் தன்னிடமுள்ள தகவலைத் தன் அலுமாரியிலேயே பூட்டி வைத்திருப்பதால்தான் அபின் பெருகுகிறது என்று கண்டுபிடித்தார்கள். தகவலைப் பகிர்ந்துகொண்டால் அபின் வெட்கப்பட்டு ஓடிவிடும்.

ஆகவே 'அபின் துஷ்பிரயோகத் தரவுப் பகிர்வு நிறுவனங்களிடை ஒருங்கிணைப்புக் குழு' பிறந்தது. மலைநாட்டுக் கிளை லிந்துலையில். பெயர்ப்பலகை பஸ்ஸுக்குள் நுழையவில்லை. கூரைமேல் கட்டி ஏற்றி வந்தார்கள். சரிபுதீன் நானாவின் பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் மாட்டினார்கள். பலகை கடையைவிட நீளம். கடைசி நாலெழுத்து பக்கத்துச் சலூனுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. சலூன்காரன் சண்டைக்கு வந்தான். அவனைக் குழுவில் விசேட பார்வையாளராக நியமித்துச் சமாளித்தார்கள்.

செயலாளராகக் கண்டியிலிருந்து கணேசமூர்த்தி வந்தார். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். நினைக்க நேரமும் இல்லை. எப்போதும் கூட்டம். கால்சட்டை அந்த வருஷத்து நாகரிகம். அவர் மாடிப்படி ஏறினால் படி தானாகக் கூட்டப்பட்டுவிடும்.

முதல் மாதத்திலேயே நாலு இடங்களிலிருந்து தரவு வரவழைத்தார். கூனிமலைத் தோட்டத்து மருந்துச்சாலை. டவுன் ஆஸ்பத்திரி. பொலிஸ். அபின் வைத்துக்கொள்ள லைசன் உள்ள ஒரு வெதமாத்தயா, அதாவது நாட்டு வைத்தியர். நாலு இடத்திலிருந்தும் இடத்துக்கு ஒரு நோயாளி வந்தான். மொத்தம் நாலு நோயாளிகள்.

நாலும் ஒரே ஆள். அதுதான் கதை.

அந்த ஆளின் பேர் இராயப்பன். கூனிமலைத் தொழிற்சாலையில் அடுப்புக்கு விறகு போட்டவர். ஒரு டர்பன்டைன் மரக்கட்டை உருண்டு வந்து இடது காலில் ஏறியது. ஆஸ்பத்திரியில் எலும்பைக் கூட்டிக் கட்டினார்கள். கோணலாகக் கூடிற்று. மழை வந்தால் எலும்புக்குள்ளே உட்கார்ந்து யாரோ ஆணி அடிப்பது போல் இருக்கும். கூனிமலையில் மழை வராத நாளைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

தோட்டத்து மருந்துச்சாலையில் லியனார்ட் இருந்தார். டொக்டர் இல்லை. மருந்து கலந்து கொடுக்கிறவர். தோட்டத்துக்கு அவர்தான் டொக்டரய்யா. அவரிடம் கறுப்பு மருந்து ஒன்று உண்டு. அபின் கலந்தது. தாங்க முடியாத வலிக்குக் கொடுப்பார். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை இராயப்பனுக்கு ஒரு சின்னப் போத்தல். ராத்திரி ஒரு கரண்டி குடித்தால் தூங்குவார். இரண்டாவது கரண்டி கேட்டதில்லை. கேட்டாலும் கிடைக்காது. கரண்டி மனைவி ஜோசப்பினின் இடுப்பில் இருக்கும்.

ஒரு ஆள் எப்படி நாலானார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பீர்கள். மலையில் பேர் என்பது சட்டை மாதிரி. எது காலியாகத் தொங்குகிறதோ அதைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். இராயப்பன் வேலை கேட்டுப் போன காலத்தில் புதிய பேர் பதியமாட்டோம் என்றார்கள். பழனியாண்டி என்று ஒருவன் அப்போதுதான் இந்தியாவுக்குக் கப்பலேறியிருந்தான். ஆள் போய்விட்டான், பேர் செக்ரோல் என்கிற வேலையாள் பதிவேட்டில் கிடந்தது. கங்காணி இராயப்பனைத் தூக்கி அதில் போட்டார். அன்றிலிருந்து தோட்டத்துக்கு அவர் பழனியாண்டி. மருந்தும் பழனியாண்டிக்கு.

கால் முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸ் கிறிஸ்தவ வேதக்காரி. "இராயப்பர்ன்னா பீட்டர் தானே" என்று பீட்டர் என்று எழுதினாள். ஒருமுறை பஸ்ஸில் பொலிஸ்காரர் மருந்துப் போத்தலை மோந்து பார்த்துவிட்டுப் பேர் கேட்டார். சொன்னதைத் தன் வாய்க்கு ஏற்ற மாதிரி ரொயப்பு என்று எழுதிக்கொண்டார். தோட்டத்தில் மருந்து தீர்ந்த ஒரு மழைக்காலத்தில் ஜோசப்பின் வெதமாத்தயாவிடம் ஓடினாள். அவர் அரிசிக் கூப்பன் புத்தகத்தைக் காட்டச் சொன்னார். புத்தகத்தில் வீரய்யா. அந்த லயக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசைவீட்டு அறையில், இராயப்பனுக்கு முன்பு குடியிருந்தவன் அவன். காம்பராவோடு கூப்பனும் வந்தது.

இராயப்பன் என்ற பேர் கோயிலுக்கு மட்டும் தெரியும். கந்தோர் எதற்கும் தெரியாது.

கணேசமூர்த்தி நாலு கடுதாசியையும் மேசையில் பரப்பினார். நாலு பேரும் கூனிமலை. நாலு பேரும் ஒரே லயம், ஒரே காம்பரா. நாலு பேருக்கும் இடது கால் ஊனம். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. லியனார்டை அழைத்தார்.

"மிஸ்டர் லியனார்ட், அபின் மனிதனின் இடது காலைத் தாக்குகிறது. இது உமக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"உலகத்தில் யாருக்கும் தெரியாது. தனித்தனியாக இருந்ததால் தெரியவில்லை. பகிர்ந்தோம், தெரிந்தது."

"ஐயா, அது ஒரே ஆளுங்க."

"எது?"

"நாலும். கால் ஒண்ணுதானுங்களே."

கணேசமூர்த்தி கண்ணாடியைக் கழற்றினார். "அப்படியானால் மூன்று நிறுவனங்கள் பொய் சொல்கின்றன. எந்த மூன்று? எழுதிக் கையொப்பமிட்டுத் தாரும். ஒன்று பொலிஸ், அதையும் கவனத்தில் கொள்ளும்."

லியனார்டுக்கு ரெண்டு பெண் பிள்ளைகள். பென்ஷனுக்குக் கொஞ்ச வருஷம் பாக்கி. "நாலு பேருதானுங்க" என்றார்.

அன்றே சுற்றறிக்கை போயிற்று. 'ஒரு நோயாளிக்கு ஒரு நிறுவனம் மருந்து வழங்குவதாகத் தரவு கிடைக்குமிடத்து, ஏனைய நிறுவனங்கள் வழங்குதலை உடனடியாக நிறுத்தல் வேண்டும்.' அறிவான விதி. ஆஸ்பத்திரி பார்த்தது. தோட்டம் கொடுக்கிறது, நாம் நிறுத்துவோம். தோட்டம் பார்த்தது. வெதமாத்தயா கொடுக்கிறார், நாம் நிறுத்துவோம். வெதமாத்தயா பார்த்தார். ஆஸ்பத்திரி கொடுக்கிறது. பொலிஸ் எதுவும் கொடுக்கிறதில்லை. இருந்தாலும் ஒத்துழைத்து அதுவும் நிறுத்தியது.

சனிக்கிழமை போத்தல் இல்லை. இராயப்பன் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கத்தத் தொடங்கினார். லயத்தில் பத்துக் காம்பரா. ஒரு காம்பராவிலும் தூக்கமில்லை.

திங்கட்கிழமை ஜோசப்பின் வேலைக்குப் போகவில்லை. கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு லிந்துலைக்கு இறங்கினாள். மாடி ஏறினாள்.

"யாருக்கு மருந்து?" என்றார் கணேசமூர்த்தி.

"எங்க வீட்டுக்காரருக்குங்க."

"பேர்?"

"இராயப்பன்."

அவர் தேடினார். "அப்படி ஒருவர் இல்லை."

"இல்லைன்னா ராத்திரி பூரா எங்க காம்பராவில கத்துறது யாருங்க?"

"தரவில் இல்லை என்று சொன்னேன்."

"பழனியாண்டின்னு பாருங்க."

"இருக்கிறார். அவர் உங்கள் கணவரா?"

"ஆமாங்க."

"பீட்டர்?"

"அதும் அவருதாங்க."

"வீரய்யா?"

"அதும்."

"ரொயப்பு?"

"அது பொலிஸ்காரரு வச்ச பேரு. அதும் எங்க வீட்டுக்காரருதான்."

கணேசமூர்த்தி பேனாவை மூடினார். நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னார்.

"அம்மா, உங்களுக்கு நாலு கணவர் இருப்பதில் இந்தக் குழுவுக்கு எவ்வித ஆட்சேபமும் இல்லை. அது வேறு இலாகா."

ஜோசப்பினுக்கு வந்த கோபத்தில் மேசையைக் கவிழ்த்திருப்பாள். காம்பராவில் கிடக்கிறவர் ஞாபகம் வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"சரிங்கய்யா. பழனியாண்டிக்கு மட்டும் குடுங்க. மத்தவங்க செத்தா சாகட்டும்."

"கொடுக்கலாம். பழனியாண்டி வேறு, மற்ற மூவர் வேறு என்று உறுதியாக வேண்டும். அந்த மூவரும் நேரில் வந்து, 'நான் பழனியாண்டி அல்ல' என்று கையொப்பமிடட்டும். அப்போதுதான் ஒருவரே இரட்டை மருந்து வாங்கவில்லை என்று ஆகும்."

"மூணு பேரும் வரணுமா?"

"நேரில்."

கீழே இறங்கி வந்தாள். சரிபுதீன் நானா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன புள்ள ஜோசப்பின், மூஞ்சி கறுத்துக் கிடக்கு?"

"மூணு ஆளு வேணும் நானா. இடது கால் நொண்டுற ஆம்பளைங்க."

"கடைல கைத்தடி இருக்கு. அதுக்கு மேல உள்ளத நீதான் தேடிக்கணும்."

மூன்று கைத்தடி வாங்கிக்கொண்டு போனாள்.

ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் மூன்று பேர் நித்திரையில்லாமல் கண் சிவந்து, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்றார்கள். மாயாண்டி. மத்தியாஸ். அழகன். மூன்று பேரும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்கள். விஷயத்தைச் சொன்னாள்.

"அக்கா, அவரு தூங்கினாத்தான் நாங்க தூங்குவோம்" என்றார் மாயாண்டி. "எத்தனை கையெழுத்து வேணும்?"

அன்று சாயந்தரம் லயத்து முற்றத்தில் நொண்டப் பழகினார்கள். இராயப்பனைப் படுக்கையிலிருந்து தூக்கி வந்து முன்னால் நடக்கவிட்டார்கள். மூன்று பேரும் பின்னால் நடந்தார்கள்.

"மத்தியாஸ் தம்பி, அது வலது கால்!"

"வலது கால்தான் அக்கா எனக்கு நல்லா நொண்ட வருது."

"ஒனக்கு வாறத யார் கேட்டா? இடது!"

"ஏண்டா," என்றார் இராயப்பன் வலியோடு, "இதுக்குக்கூட ஒனக்கு இடம் வலம் தெரியலியே, கத்திய எப்படிடா பிடிக்கிற?" அன்றுதான் ரெண்டு நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது.

நாலு பேரும் மாடி ஏறி வந்த காட்சியைக் கணேசமூர்த்தி சாகும்வரை மறக்கமாட்டார். நாலு தடி. நாலு இடது கால். ஒரே தாளம். மாயாண்டி வீரய்யாவாகக் கையெழுத்து வைத்தார். மத்தியாஸ் பீட்டராக. அழகன் ரொயப்புவாக. மூவரும் தாங்கள் பழனியாண்டி அல்ல என்று உறுதி சொன்னார்கள். உண்மைதானே.

"மிஸ்டர் லியனார்ட் இதை ஒரே ஆள் என்றார்" என்று கணேசமூர்த்தி சலூன்காரனிடம் சொன்னார். "படித்தவர்கள் இப்படித்தான். கண்ணால் பார்ப்பதை நம்புவார்கள். தரவை நம்பமாட்டார்கள்."

சலூன்காரன் விசேட பார்வையாளர் என்பதால் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொழும்புக்கு அறிக்கை போயிற்று. கொழும்பு நடுங்கியது. ஒரு காம்பராவில் நாலு பேர் என்றால் மலை முழுக்க எத்தனை காம்பரா? தந்தி வந்தது. 'படிமுறைக் குறைப்புத் திட்டம்' உடனே ஆரம்பிக்கும்படி உத்தரவு. திட்டம் இதுதான். திடீரென்று நிறுத்தினால் நோயாளி துடிப்பான். ஆகவே முதற்படியில் ஒவ்வொருவனுக்கும் வாரம் ஒரு போத்தல் முழுசாகக் கொடுக்க வேண்டும். இரண்டாம் படியில் குறைக்க வேண்டும். இரண்டாம் படி பற்றிய சுற்றறிக்கை பின்னால் வரும்.

இன்னும் வரவில்லை.

சனிக்கிழமைகளில் நாலு போத்தல். கூடவே உடம்பு தேற ஒரு பால்மா பைக்கெற். மருந்துச்சாலைக்குப் போய்வர அரைநாள் லீவு. தோட்டத்தில் சனம் இதைக் கவனித்தது. இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பது மெல்ல ஒரு அந்தஸ்தாயிற்று. கல்யாண வீட்டில் தடியோடு வந்தவனுக்கு நாற்காலி போட்டார்கள். வட்டகொடை ஸ்டேசனில் தடி வைத்திருந்தவனுக்கு டிக்கட் கேட்காமல் வழி விட்டார்கள், ஏதோ கமிட்டி ஆள் என்று. சரிபுதீன் நானா கண்டியிலிருந்து வார்னிஷ் போட்ட தடி இறக்கினார்.

இராயப்பன் தூங்கினார். லயமும் தூங்கியது. ஜோசப்பின் தன் வீட்டுப் போத்தலை வைத்துக்கொண்டு, "ஒரு போத்தல் போதும். மிச்சத்தக் கானில ஊத்திருங்க" என்றாள்.

மூன்று பேரும் தலையாட்டினார்கள். கானில், அதாவது சாக்கடையில், ஊற்றவில்லை. நல்ல மருந்தை யார் ஊற்றுவான்? மாயாண்டி ஒருநாள் கவ்வாத்து மலையிலிருந்து குனிந்தபடியே இறங்கி வந்தார். நிமிர முடியவில்லை.

"ஒரே ஒரு மூடி குடிச்சேன்" என்று அடுத்த நாள் மற்ற ரெண்டு பேரிடமும் சொன்னார். "முதுகு எங்க இருக்குன்னே தெரியல மச்சான்."

"நெசமாவா?"

"ஒடம்புல இருந்து இறக்கி வச்ச மாதிரி."

மத்தியாஸுக்குத் தோள்வலி இருந்தது. அழகனுக்கு வலி எதுவும் இல்லை. தேடினால் கிடைக்கும் என்று நினைத்தான்.

இதற்குள் திட்டத்தை நேரில் பார்வையிடக் கணேசமூர்த்தி கூனிமலைக்கு வந்தார். மழை நாள். லயத்துப் படி கருங்கல். பாசி பிடித்தது. பாசிக்கு நாகரிகம் தெரியாது. நனைந்த கால்சட்டையின் அகல ஓரம் சப்பாத்துக்கடியில் போயிற்று. அவர் ஐந்து படியையும் ஒரே படியாக இறங்கினார்.

இடது கணுக்கால்.

இராயப்பன் காம்பராவுக்குள் தூக்கிப் போட்டார்கள். வலி என்றால் இன்னதென்று அவர் அன்றுவரை வாசித்துத்தான் இருந்தார். லியனார்ட் ஓடி வந்தார். காலைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வண்டி வர ரெண்டு மணி நேரம் ஆகும். கறுப்பு மருந்து போத்தல் அவர் பையில் இருந்தது.

"குடும் ஐயா, குடும்!" என்று கணேசமூர்த்தி அலறினார்.

"குடுக்கிறேன்ங்க. பேர் எழுதணும். எழுதின உடனே எல்லா நிறுவனத்துக்கும் அனுப்பணும். சுற்றறிக்கை."

"என் பேரையா?"

"நோயாளி பேரை."

"பொலிசுக்குமா?"

"பொலிசுக்கும். கொழும்புக்கு ஒரு பிரதி."

கணேசமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். கூனிமலை. அதே காம்பரா. இடது கால். ஐந்தாவது ஆள். தரவு எப்படி வாசிக்கப்படும் என்று அவரைவிடத் தெரிந்தவர் யார்? அபின் செயலாளரையே பிடித்துவிட்டது என்று கொழும்பு மறுபடியும் நடுங்கும்.

"என் பேர் போகக் கூடாது" என்று அழுதார்.

பக்கத்துக் கட்டிலில் இராயப்பன் எழுந்து உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம். "பாவம்டி" என்றார்.

ஜோசப்பின் கரண்டியை இடுப்பிலிருந்து எடுத்தாள். "என்னங்கய்யா, ஒங்களுக்கு வேற பேரு ஒண்ணும் இல்லீங்களா?"

"இல்லை. ஒன்றுதான்."

"ஒண்ண வச்சிக்கிட்டா இத்தனை வருஷம் சமாளிச்சீங்க?" அவளுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "சரி, ஒரு வாரத்துக்குப் பழனியாண்டிய எடுத்துக்கங்க. எங்க வீட்டுக்காரருக்கு இந்த வாரத்துக்கு மருந்து இருக்கு. அடுத்த சனிக்கிழமை திருப்பித் தந்திரணும்."

"தருகிறேன், தருகிறேன்" என்றார் கணேசமூர்த்தி. வாய் திறந்தே இருந்தது. கரண்டியை உள்ளே விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே குழுவின் பியோன் மருந்துச்சாலை வாசலில் நின்றான். பழனியாண்டிக்கு ஒரு போத்தல். அதற்கடுத்த சனியும் நின்றான். அதற்கடுத்ததும்.

ஜோசப்பின் மறுபடி மாடி ஏறினாள். கணேசமூர்த்தி காலை ஒரு ஸ்டூலில் போட்டிருந்தார். முகத்தில் ஒரு அமைதி. கூட்டங்களில்கூட இப்போது கோபப்படுவதில்லையாம்.

"ஐயா, பேரைத் திருப்பித் தாங்க."

"வலி இருக்கிறதே, அம்மா."

"கட்டு பிரிச்சு ஒரு வாரமாச்சு. தடி இல்லாம நடக்கிறீங்களாம். நானா சொல்றாரு."

"காலில் வலி இல்லை. வேறெங்கோ. எங்கே என்று சொல்லத் தெரியவில்லை."

"அவரு மூணு வாரமாத் தூங்கல ஐயா."

"பழனியாண்டி மருந்து வாங்கியிருப்பதாகத்தான் தரவு சொல்கிறது" என்றார் கணேசமூர்த்தி. தூக்கம் கண்ணில் தொங்கியது. "தரவை எதிர்த்து நான் என்ன செய்ய?"

லயத்துக்குத் திரும்பி வந்து மாயாண்டியின் கதவைத் தட்டினாள். "தம்பி, வீரய்யாவத் தாங்க. அவருக்கு வேணும்."

மாயாண்டி நிலத்தைப் பார்த்தார். "பேரு பழகிப்போச்சு அக்கா."

மத்தியாஸ் வீட்டில் இல்லை என்று பெண்சாதி பெற்றீசியா சொன்னாள். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அழகன் மட்டும் உண்மையைச் சொன்னான். "ஒரு சனிக்கிழமை விட்டுப் பாத்தேன் அக்கா. உள்ளங்கை வேர்க்குது. கால் நிக்க மாட்டேங்குது. நெசமாவே நொண்டுது."

அந்த ராத்திரி இராயப்பன் கத்தவில்லை. கத்துவதற்கும் தெம்பு வேண்டும். தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தார். விடியும்போது சொன்னார், "நல்ல பேரையெல்லாம் குடுத்திட்டியே ஜோசப்பின்."

அவள் எழுந்து அடுப்பை மூட்டினாள். யோசித்துக்கொண்டிருந்தாள். ரொட்டி தட்டும்போதும் யோசித்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டு நேரே மருந்துச்சாலைக்குப் போனாள்.

"டொக்டரய்யா, கமிட்டி ஐயா இப்ப பழனியாண்டி தானுங்களே?"

லியனார்ட் சுற்றும் பார்த்தார். "சத்தமாச் சொல்லாத."

"அப்ப கணேசமூர்த்திங்கிற பேரு?"

"அதுக்கென்ன?"

"சும்மாதானே கிடக்கு?"

லியனார்ட் அவளையே பார்த்தார். பென்ஷனை நினைத்தார். பிள்ளைகளை நினைத்தார். பிறகு, 'மூன்று நிறுவனங்கள் பொய் சொல்கின்றன, எந்த மூன்று?' என்று கேட்ட அந்தக் கண்ணாடியை நினைத்தார். பேனாவை எடுத்தார். விதிப்படி எழுதினார். நோயாளி பெயர், கணேசமூர்த்தி. ஊனம், இடது கால். இருப்பிடம், கூனிமலை, அதே காம்பரா. ஒரு போத்தல் கொடுத்தார். விதிப்படி எல்லா நிறுவனத்துக்கும் அறிவித்தார். கொழும்புக்கு ஒரு பிரதி.

அன்று ராத்திரி இராயப்பன் ஒரு கரண்டி குடித்தார். தூங்கினார். இரண்டாவது கரண்டி கேட்கவில்லை.

மாத முடிவில் குழு கூடியது. பொலிஸ் சார்ஜன் வந்தார். வெதமாத்தயா வந்தார். தோட்டத்திலிருந்து லியனார்ட். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு எழுதுவினைஞர். சலூன்காரன். கணேசமூர்த்தி அரைக்கண்ணோடு புதிய தரவை வாசித்தார்.

"வீரய்யா. பீட்டர். ரொயப்பு. பழனியாண்டி. புதிதாக ஒருவர். கணேசமூ..."

நின்றார்.

"மொக்கத, என்ன இது, நம்ம ஐயாட பேர்தானே அது?" என்றார் சார்ஜன்.

"வேறு ஆள்" என்றார் கணேசமூர்த்தி. தூக்கம் போய்விட்டது.

"எடம் கூனிமலை. ஐயா அங்கதானே வுளுந்தது. கால் இடது. ஐயாக்கும் இடது."

"வேறு ஆள் என்கிறேன்!"

"அப்ப விதி இருக்கு" என்றார் லியனார்ட், மெதுவாக. "அவர் நேர்ல வந்து, தான் நீங்க இல்லைன்னு கையெழுத்துப் போடணுங்க. நீங்க போட்ட விதிதான்."

கணேசமூர்த்தி லியனார்டைப் பார்த்தார். இது ஒரு மோசடி என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் நாலு பேரையும் மறுபடி கிளறுவார்கள். பழனியாண்டி யார் என்று கேட்பார்கள். நாளை சனிக்கிழமை வேறு.

"அழையுங்கள்" என்றார்.

படியில் தடிச்சத்தம் கேட்டது. கீழே கடையில் காத்திருந்த இராயப்பன் ஏறி வந்தார். பின்னால் ஜோசப்பின். செயலாளர் பேர் என்பதால் சார்ஜன் எழுந்து நாற்காலி போட்டார். இராயப்பன் உட்கார்ந்து, தமக்குத் தெரிந்த எழுத்தில், காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார். எழுதுவினைஞர் அதை உரக்க வாசித்தார்:

'கணேசமூர்த்தியாகிய நான், கணேசமூர்த்தி அல்ல என்று இத்தால் உறுதி கூறுகிறேன்.'

"நானும் அல்ல" என்று கணேசமூர்த்தி கீழே கையெழுத்திட்டார். குழு ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. சலூன்காரன் கை தட்டினான்.

கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. மலைநாட்டுக் கிளையின் தரவு நாட்டிலேயே மிகத் துல்லியமானது என்று எழுதியிருந்தார்கள். அதில் தப்பில்லை. முதல் அறிக்கையில் கூனிமலையில் நாலு அபின் அடிமைகள் என்று கணேசமூர்த்தி எழுதியபோது ஒருவர்கூட இல்லை, வலிக்கு மருந்து குடித்த ஒரு மனிதரைத் தவிர. இன்று போய் எண்ணிப் பாருங்கள். மாயாண்டி, மத்தியாஸ், அழகன், செயலாளர். சரியாக நாலு. தரவு பொய் சொல்லவில்லை. கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டது.

திட்டத்தை மாவட்டத்துத் தோட்டங்கள் முழுவதற்கும் நீட்டும்படி கடிதத்தின் கடைசியில் உத்தரவு. ராகலைப் பக்கத்திலிருந்து இப்போதே ஆட்கள் பஸ்ஸேறி வந்து லயத்து வாசலில் நிற்கிறார்கள். இடது காலை இழுத்துக்கொண்டு. ஜோசப்பின் அக்காவிடம் காலிப் பேர் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு.